ஆறு வருட மைப்பேனா: கீறலில் இருந்து வழுக்கலுக்கு

ஆறு வருடங்களாக ஒரே மைப்பேனாவில்தான் எழுதுகிறேன். எஃகு நிப்பு, நடுத்தர முனை, மை இழுக்கத் திருகும் கன்வெர்ட்டர். இன்று தாளில் வழுக்கிக்கொண்டு போகும் இதே பேனா, வாங்கிய புதிதில் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ‘ட’ எழுதினால் கீழே இறங்கும் கோடு சுகமாக வரும். வலப்பக்கம் திரும்பியதும் தாளைக் கீறும்.

அப்போது நான் செய்த தவறு, எதையும் பார்க்காமல் நேராகத் தேய்க்கப் போனதுதான். மெருகேற்றும் நுண்தாளில் எட்டு போட்டுப் போட்டுத் தேய்த்தேன். கீறல் குறைந்தது. ஆனால் நிப்பின் நுனியை இரண்டாகப் பிரிக்கும் பிளவின் இரு உள்விளிம்புகளும் அளவுக்கு மீறி உருண்டுவிட்டன. மை தாளைத் தொடாமல் நடுவில் உள்வாங்கி நிற்கும். ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விடுபடும். தேய்ந்த உலோகம் திரும்பி வராது. அந்த நிப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேறு நிப்பு போட வேண்டியதாயிற்று.

புது நிப்பும் அதேபோல் கீறியது. இந்தமுறை முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக முனையை நேருக்கு நேர் பார்த்தேன். பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை; எழுதப் பிடிக்கும் நிலையில் இடப்பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. வலது நோக்கி எழுதும்போது அதன் உள்விளிம்பு முன்னால் போய்த் தாளில் மாட்டுகிறது. இடது நோக்கிப் போகும்போது கீறினால், தாழ்ந்திருப்பது வலப்பக்கம். தாழ்ந்த பக்கத்தை நகத்தால் மெல்ல மேலே தூக்கிச் சில விநாடிகள் பிடித்தேன். விட்டேன், பார்த்தேன், மறுபடி பிடித்தேன். நாலைந்து முறையில் சமமாகிவிட்டது. தேய்க்கவே இல்லை, கீறல் போய்விட்டது! அன்று இரவு பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மை ஓட்டம். நிப்பு உண்மையில் ஒரு மெல்லிய மைப் படலத்தின் மேல்தான் சறுக்குகிறது. மை போதாவிட்டால் எவ்வளவு மெருகான முனையும் வறட்டுத்தனமாகத்தான் இருக்கும். புதுப் பேனாவின் உள்ளே தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை இருக்கலாம். அதனால் முதல் வேலையாக, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது, நிப்புக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கட்டை வளைந்துவிடும். அப்படியும் மை இறங்காவிட்டால் பிளவு நுனியில் இறுகியிருக்கலாம். 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டைப் பிளவுக்குள் மெதுவாக ஓட்டினால் போதும், அடைத்திருக்கும் தாள் நாரும் வந்துவிடும்.

மையிலும் வித்தியாசம் இருக்கிறது. சில மைகள் தாராளமாக இறங்கும், சில வறண்டவை. மையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த பேனாக்களைப் பார்த்திருக்கிறேன். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றவே கூடாது. அதில் உள்ள அரக்கு காய்ந்து உள்ளே இறுகிவிடும்.

பால்பாயிண்டில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும். எனக்கு அது விட மூன்று மாதம் ஆயிற்று. பேனாவின் எடையே எழுதப் போதும். அழுத்தினால் பிளவு விரிந்து, சரிசெய்த மட்டம் மறுபடி கலையும்.

மாதம் ஒருமுறை கழுவுகிறேன். ஆறு வருடத்தில் அந்த மட்டத்தை இரண்டு முறைதான் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது, அதுவும் ஒருமுறை கீழே விழுந்ததால். மூடியின் உள்மூடி மட்டும் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பத்து நாள் தொடாமல் வைத்தால் நுனி காய்ந்துபோகும். தண்ணீரில் ஒரு நொடி நனைத்தால் ‘ழ’வின் சுழி வரை தடங்கல் இல்லாமல் எழுதுகிறது.