வளவில் தோண்டிய கட்டெறும்புக் கூடு: இரண்டு வருசத்துக்குப் பிறகு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவில் பட்டுப்போன முருங்கை ஒன்று நின்றது. 2023 மாரிக்கு முன் அதை விழுத்தியபோது அடிக்கட்டைக்குள்ளிருந்து கட்டெறும்புகள் கொட்டுண்டன. எரிக்க மனம் வரவில்லை. வளர்த்துப் பார்ப்போம் என்று மண்ணோடு அள்ளி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டேன். கூடவே வெள்ளை உருண்டைகளும் வந்தன. நாம் ‘எறும்பு முட்டை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுக்களைத்தான். உண்மையான முட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும்.

முதல் மாதம் அவ்வளவு உற்சாகம். ராணி எங்காவது மண்ணுக்குள் இருக்கும் என்றே நம்பினேன். ஐந்தாம் மாதம் சிறகு முளைத்த எறும்புகள் வந்தன. புது ராணிகள் என்று மச்சானுக்குப் படமும் அனுப்பினேன். எல்லாமே ஆண்கள்! ராணி இல்லாத கூட்டில் வேலைக்கார எறும்புகளே சில நேரம் முட்டையிடும். கருக்கட்டாத முட்டை என்பதால் ஆண்தான் பிறக்கும், அது எந்த வேலைக்கும் உதவாது. எட்டாம் மாதத்தோடு பெட்டி அடங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்ல அனுபவம் இல்லை.

இரண்டாவது கூட்டை உக்கிய தென்னங்குற்றிக்குள்ளிருந்து எடுத்தேன். இந்தமுறை ராணியைக் கண்ணால் கண்ட பிறகுதான் மூடியைப் போட்டேன். உடம்பின் நடுப்பகுதி பெருத்து, சிறகு கழன்ற தழும்பு இருந்தால் அதுதான் ராணி. அந்தக் கூடுதான் இன்றுவரை இருக்கிறது. ஆனால் அது சும்மா வரவில்லை, கால்களில் வெளிறிய உண்ணிகளையும் கொண்டுவந்தது. பழைய மண்ணை முழுக்க மாற்றி, பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் புதுக்கூடு வார்த்த பிறகே குறைந்தன.

தப்பியோடுவதுதான் பெரிய தலையிடி. விளிம்பில் தேங்காயெண்ணெய் பூசினேன், மட்டக்களப்பு வெயிலுக்கு மத்தியானமே வடிந்துவிட்டது. முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் எறும்பு வழுக்கி விழும். ஆனால் மாரி ஈரத்தில் அது பிடிக்காது. அந்த மாதங்களில் வாசலின்தான். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பிரச்சினை வேறு, கூடு ஒரே நாளில் காய்ந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துவிடுவேன், அவை தேவைக்கு இடம் மாறிக்கொள்ளும்.

அப்புறம் வீட்டுச் சிற்றெறும்பு. சீனித்தண்ணிக்கு மோப்பம் பிடித்து வந்து ஒரே இரவில் இருபது முப்பதைக் கொன்றுபோட்டன. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தேன். அம்மம்மா சிரித்தா: “சாப்பாட்டு அலுமாரிக்கு எறும்பு ஏறாம வைக்கிற தண்ணி மனே, நீ எறும்பைக் காப்பாத்த வைக்கிறாய்!”

சாப்பாடு லேசு. பஞ்சில் சீனித்தண்ணி, வாரம் இரண்டு தடவை அரைக் கரப்பான். புரதம் முக்கியமாகக் குடம்பிகளுக்கு, அதாவது புழுப் பருவத்தில் இருப்பவைக்குத்தான் போகிறது. ஒருமுறை குசினியில் மருந்தடித்துச் செத்த கரப்பானைத் தெரியாமல் போட்டு, கூட்டில் பாதியை நானே கொன்றேன். இப்போது பிடிக்கிற கரப்பானைச் சுடுநீரில் முக்கித்தான் போடுகிறேன்.

சரி, இன்னொருவருக்குச் சொல்வேனா? தோண்டி எடுப்பதைச் சொல்லமாட்டேன். முதல் மழைக்குப் பிறகு மாலையில் மின்குமிழடிக்கு வரும் ராணி ஒன்றைப் பிடியுங்கள். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைத்து, ராணியை உள்ளே விட்டு வாயையும் பஞ்சால் மூடி, இருட்டில் வையுங்கள். கட்டெறும்பு ராணி முதல் பிள்ளைகள் வரும்வரை ஒன்றும் சாப்பிடாது, தன் சிறகுத் தசையைக் கரைத்தே வளர்க்கும். போன மாரியில் அப்படி ஒன்றை வைத்தேன். ஒன்றரை மாதத்தில் நாலு குட்டி எறும்புகள். அவை குழாயை விட்டு வெளியே போகவே பார்ப்பதில்லை. தென்னங்குற்றிக் கூட்டின் எறும்புகளோ இத்தனை நாளாகியும் விளக்கை அணைத்ததும் மூடி விளிம்புக்கு வந்து, வழி இருக்கிறதா என்று சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.