லேயர் மாஸ்க்: கிளிநொச்சி ஸ்ரூடியோவில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

கலியாணம், சாமத்தியவீடு, பாஸ்போட் படம் என்று எங்கள் ஸ்ரூடியோவுக்கு எல்லா வேலையும் வரும். ஆனால் லேயர் மாஸ்க் இல்லாமல் என்னால் தொடவே முடியாத வேலை பழைய படம் திருத்துவது. போட்டோஷொப்பில் படங்களைத் தாள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். அதில் எந்த இடம் தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று தீர்மானிப்பது மாஸ்க். வன்னியில் எத்தனையோ குடும்பங்களிடம் செத்துப்போனவருடையதோ காணாமல் போனவருடையதோ ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது. 2009 இடப்பெயர்வில் ஷொப்பிங் பையில் சுற்றி, பங்கருக்குள்ளும் முகாம் கூடாரத்திலும் கிடந்து வந்தவை. ஓரம் கரைந்திருக்கும், முகத்துக்குக் குறுக்கே மடிப்பு ஓடியிருக்கும்.

அப்படியொரு படத்தில் இரேசர் (அழிக்கும் கருவி) வைக்க எனக்கு மனம் வராது. இரேசரால் அழித்தது போனதுதான். மாஸ்க் மறைக்க மட்டும் செய்யும்: வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் பூசினால் அரைகுறையாகத் தெரியும். 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். மடிப்பு விழுந்த கன்னத்தில் தோல் நிறம் திடீரென்று மாறாமல் இருப்பது இந்த நடுப்படிகளால்தான். பிரஷ்ஷின் ஒப்பசிட்டியை, அதாவது பூச்சின் அடர்த்தியை, குறைத்து, மெல்ல மெல்லப் பூசவேண்டும்.

போன வருடம் ஓர் அம்மா மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிக்கக் கொண்டுவந்தார். ஸ்கான் செய்ததைத் தொடாமல், அதன் மேலே ஒரு பிரதி லேயரில் மாஸ்க் வைத்துத் திருத்தினேன். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. "அதை எடுத்துவிடுங்கோ அண்ணா" என்றாள் கூட வந்த மகள். எடுத்துக் காட்டினேன். தாய் சம்மதிக்கவில்லை. "அது கிடக்கட்டும் தம்பி. மாமரத்தால விழேக்க வந்த காயம். அது இல்லாட்டி என்ர பிள்ளை மாதிரியே இல்லை." மாஸ்க்கில் கறுப்புப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. கீழ் லேயரில் இருந்த தழும்பு அப்படியே வந்தது. அவர் கிட்ட வந்து திரையில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். முகத்தைப் பற்றிய கடைசி முடிவு வீட்டுக்காரருடையது. அதற்கு இடம் விடுகிற கருவி இது.

இரணைமடுவில் மத்தியான வெயிலில் எடுக்கும் கலியாணப் படங்களில் வானம் வெளுத்துப் போகும். பனையோலைக் கீற்றுகளைக் கையால் வெட்டிக் கட்டாது. நீலச் சனலை (படத்தின் நீல நிற அளவை மட்டும் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) பிரதி எடுத்து, வானம் வெள்ளையாகவும் ஓலை கறுப்பாகவும் பிரியும்வரை லெவல்ஸை (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் வசதி) இழுத்து, அதையே புது வானத்துக்கு மாஸ்க்காக வைக்கிறேன். ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் வான லேயரை மல்டிப்ளையில் (கீழ் லேயரோடு கலந்து கருமையாக்கும் முறை) போட்டால் பெரும்பாலும் அடங்கும். தானாகப் பின்னணி நீக்கும் வசதி தொடக்கத்துக்கு நல்லது. கொண்டையில் வைத்த மல்லிகைச் சரத்தில் தடுமாறும். மிச்சத்தை மாஸ்க்கில் கையால்தான் திருத்தவேண்டும்.

குறைகளும் உண்டு. மாஸ்க்கின் சின்னப்படத்தைச் சுற்றிச் சட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் பிரஷ் எடுத்தால் கறுப்பு நேரே முகத்தில் விழும். லேயர் கூடக் கூடக் கோப்பு பெருத்துப் பழைய கொம்பியூட்டர் மூச்சு வாங்கும். ஜேபெக்காகச் சேமித்தால் மாஸ்க் எல்லாம் போய்விடும், போட்டோஷொப்பின் சொந்தக் கோப்பு வகையான பிஎஸ்டியாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோஷொப்பில் லேயர் வந்தது 1994இல், 3.0 பதிப்போடு. காசு கொடுக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். அதில் லேயரின் மேல் ரைட் கிளிக் செய்து மாஸ்க் சேர்க்கும்போது வெள்ளையைத் தெரிவு செய்யுங்கள். கோப்பை கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள்.