சர்க்கரை உள்ள பூனைக்கு உலர் தீனியா, ஈரத் தீனியா?

உலர் தீனியைக் கொட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், விலையும் குறைவு, சரி. ஆனால் உருண்டை பிடிக்கவே மாவு வேண்டும் என்பதால் பலவற்றில் மாவுச்சத்து 30 சதவீதத்தைத் தாண்டும். ஈரத் தீனியில் பொதுவாகத் தண்ணீரும் புரதமும் அதிகம், மாவு குறைவு. என் பூனைக்கு இதுதான். அதிலும் கெட்டிக் குழம்பில் மிதப்பதைவிட, கூழாக அரைத்ததே மேல். பாக்கெட்டில் மாவுச்சத்து பெரும்பாலும் எழுதியிருக்காது. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் எல்லாவற்றையும் கூட்டி 100-இலிருந்து கழித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். கடலூர் முதுநகர் மத்தியை அவித்து முள்ளெடுத்துக் கொஞ்சம் கொடுக்கலாம், அதுவே முழுச் சாப்பாடு ஆகாது. அப்புறம், இன்சுலின் போடுகிற பூனைக்கு டாக்டரிடம் கேட்காமல் தீனியை மாற்றவே மாற்றாதீர்கள், மாவு குறைந்ததும் பழைய அளவு ஊசியே சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும்.