தளங்களின் குணமும் இரண்டு நல்ல நூலகங்களும்

சமூக ஊடகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. ஃபேஸ்புக்கில் நீண்ட பதிவும் அதன்கீழ் நாள்கணக்கில் தொடரும் உரையாடலும் இயல்பாகப் பொருந்துகின்றன. இன்ஸ்டாகிராமில் படம் முன்னிற்க, எழுத்து பின்தங்கிவிடுகிறது. ட்விட்டராக இருந்த எக்ஸ் தளமோ, 2017இல் 280 எழுத்துகளுக்கு இடம் தந்த பிறகும் சுருக்கத்தையே விரும்புகிறது. அங்கே ‘கி’ என்ற ஓரெழுத்து, ‘க’வும் இகரக் குறியுமாக இரண்டாக எண்ணப்படுவதால், தமிழில் எழுதுவோருக்கு இடம் இன்னும் குறுகிவிடுகிறது.

எனக்கு ஃபேஸ்புக்கே பிடிக்கும். பழைய நூல்களைப் பற்றிய பதிவுகளின்கீழ், யாரேனும் ஒருவர் ‘நூலகம்’ என்னும் வலைத்தளத்தின் இணைப்பை இட்டுவிடுகிறார். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இத்தளத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், நாளிதழ்கள், சிறு பிரசுரங்கள் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் என்பதால் அட்டை, அச்செழுத்து, பழைய விளம்பரம் யாவும் அப்படியே தெரிகின்றன. பிறந்த ஊரின் பாடசாலை மலரைத் தேடுவோருக்கு இதைவிட நல்ல இடம் நான் அறியேன். ஆனால், பல கோப்புகளில் சொல் தேடுவது கடினம். அந்த வசதி வேண்டுவோர், 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்னும் இணைய நூலகத்தை நாடலாம்; அங்கே பழந்தமிழ் இலக்கியங்கள் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கின்றன.