திஸ்கி ஃபைல்களோட பல வருஷம்: நல்லது, கெட்டது, இப்ப என்ன பண்ணலாம்

திஸ்கிங்கறது (TSCII), இப்ப எல்லா மொழிக்கும் பொதுவா இருக்கிற யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வச்ச ஒரு முறை. பழைய கட்டுரை, கடிதம், மடல்னு அதுல அடிச்சு வச்சது என்கிட்ட இன்னும் நிறைய இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா யூனிகோடுக்கு மாத்திட்டு வர்றேன். இன்னும் மாத்தாம வச்சிருக்கவங்களுக்கு உதவும்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். விண்டோஸ் 95, 98 காலத்துல யூனிகோடு தமிழ் ஒழுங்கா தெரியாது, விண்டோஸ் 2000ல லதா ஃபாண்ட் வந்த பிறகுதான் அது நிமிர்ந்துச்சு. திஸ்கிக்கு அந்தக் கவலையே இல்ல. ஒரு ஃபாண்ட் போட்டா போதும், நோட்பேட்ல இருந்து எதுல வேணா தமிழ் அடிக்கலாம், ஏன்னா எழுத்தைச் சேர்த்துக் காட்டுற வேலையை சாஃப்ட்வேர் செய்யவே வேணாம், மு, மூ, ம் எல்லாத்துக்கும் தனித்தனி எண் இருக்கு, கண்ணுல தெரியுற வரிசையிலயே ஃபைலுக்குள்ளயும் இருக்கும். பிரவுசர்ல மட்டும் அப்ப என்கோடிங் (எந்த எண் முறைன்னு தேர்ந்தெடுக்கிற) மெனுவுக்குப் போய் யூசர் டிஃபைன்ட்னு வைக்க வேண்டியிருந்துச்சு. மதுரைத் திட்டம் இலக்கியங்களை வலையில ஏத்தினப்போ, யூனிகோடுக்கு மாறுறதுக்கு முன்னாடி திஸ்கி அதைத் தாங்குச்சு, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு.

இன்னொரு பெரிய நல்லது, இங்கிலீஷ் இருந்த இடத்துலயே இருக்கும். மொத்தம் 256 எண்ல 128க்குக் கீழ அப்படியே ஆஸ்கி, அதாவது வழக்கமான இங்கிலீஷ் எழுத்து எண்கள், மேல் பாதிதான் தமிழ். தமிழ்நாடு அரசு 1999ல கொண்டுவந்த டேப் (TAB)ங்கற எண் முறையும் இந்த வகைதான். பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட் அப்படி இல்ல, இங்கிலீஷ் எழுத்து மேலயே தமிழை ஏத்தி வச்சது, ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன் அடிச்சா அதுதான் 'தமிழ்'. ரெண்டு மொழியும் கலந்த பாமினி டாக்குமென்ட்டை ப்ளெய்ன் டெக்ஸ்ட்டா சேவ் பண்ணிட்டீங்கன்னா எது தமிழ் எது இங்கிலீஷ்னு சொல்ல ஃபைல்ல ஒரு தகவலும் மிஞ்சாது, உக்காந்து வரி வரியா படிச்சுதான் பிரிக்கணும், அதனால பாமினி ஃபைலை வேர்ட் ஃபார்மட்லயே பத்திரமா வைங்க.

இப்ப கெட்டது. தேடுறது பெரிய தலைவலி. 'போல்'ங்கறது திஸ்கில ரெட்டைக்கொம்பு, ப, கால், ல்னு நாலு எண்ணா உக்காந்திருக்கும். 'பால்'னு தேடினா ப, கால், ல் மூணும் அதுக்குள்ள வரிசையா இருக்கே, அதனால எல்லா 'போல்'லயும் போய் நிக்கும். ரீப்ளேஸ் ஆல் கொடுக்கவே முடியாது. அகரவரிசைப்படுத்தினா இன்னும் மோசம், கெ, செ, தெ எல்லாம் ஒற்றைக்கொம்புல ஆரம்பிக்கிறதால ஒண்ணா ஒரு இடத்துல குவிஞ்சிடும், க வரிசையில கெயைத் தேடிட்டு இருப்போம்.

அதைவிட எனக்கு மனசு நொந்த விஷயம் 'இ'. அதுக்குக் கொடுத்த இடம் 173, லத்தீன்-1ல (ஐரோப்பிய மொழிகளுக்கான எண் முறை) அது சாஃப்ட் ஹைஃபன், அதாவது வரி உடையும்போது மட்டும் தெரியற கோடு. சில சாஃப்ட்வேர் அதைக் காட்டாது, சிலது சேவ் பண்ணும்போது தூக்கியே போட்டுடும். 'இல்லை' போய் 'ல்லை'னு நிக்கும், 'இருந்து' போய் 'ருந்து'ன்னு நிக்கும். பிறகு திஸ்கி 1.7ங்கற பதிப்புல 254க்கு மாத்தினாங்க, நல்ல முடிவு, ஆனா அதுக்கு முன்னாடி அடிச்சதுல போன 'இ'க்களை நாமதான் ஒவ்வொண்ணா திரும்பப் போடணும், எந்த கன்வர்ட்டரும் அதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்காது.

மாத்துறதுக்கு வழின்னு பார்த்தா, லினக்ஸ்ல ஐகான்வ் (iconv)னு எண் முறையை மாத்துற கருவி இருக்கு, லினக்ஸோட அடிப்படை நூலகமான க்ளிப்சிக்குள்ளயே (glibc) திஸ்கி உண்டு, திஸ்கில இருந்து யூடிஎஃப்-8னு (யூனிகோடை ஃபைல்ல சேமிக்கிற வடிவம்) ஒரு கமாண்ட், ஃபோல்டர் முழுக்க ஓடிடும், கொம்பையும் சரியான இடத்துல நகர்த்திக் கொடுத்துடும். திஸ்கியோட எண் அட்டவணையை வெளிப்படையா வச்சதாலதான் இது சாத்தியமாச்சு, 2007ல ஐஆனாலயும் (IANA, இணையத்துல இந்த மாதிரி பெயர்களைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவாயிடுச்சு. டேப், பாமினிக்கு ஐகான்வ் உதவாது, அதுக்கு என்ஹெச்எம் கன்வர்ட்டர்ங்கற சாஃப்ட்வேர் இருக்கு, பைத்தான் ப்ரோக்ராமிங் தெரிஞ்சவங்கன்னா ஓப்பன்-தமிழ்ங்கற நூலகம் இருக்கு.

ஃபைல் எந்த வகைன்னே தெரியலையா, புது எடிட்டர்ல லத்தீன்-1ஆ திறந்து பாருங்க. முக்கால் பின்னம், தலைல கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் குறி, கோடு போட்ட சின்ன யூ, இந்த நாலும் சேர்ந்து வந்தா அது திஸ்கில 'தமிழ்', இதை வச்சே நான் பல ஃபைலை அடையாளம் கண்டேன். செமிகோலனா கொட்டிக் கிடந்தா பெரும்பாலும் பாமினி.

மாத்தின பிறகு ஒரிஜினலை அழிக்காதீங்க, அந்த ஃபாண்ட் ஃபைலையும் அது கூடவே வைங்க. ஒரு வார்த்தை சந்தேகமா இருந்தா பழைய ஃபாண்ட்லயே திறந்து கண்ணால ஒத்துப் பார்க்கிறதுதான் நம்பகமான வழி, நான் இன்னைக்கும் அதைத்தான் பண்றேன்.