ஆற்றில் தண்ணீர் வருவது பழுதன்று: ஆறாண்டு ஜியோகேச்சிங் அனுபவம்

மயிலாடுதுறையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: “சார், நீங்க ரொம்ப நாளா இந்தப் பெட்டி தேடுறதுல இருக்கீங்களே, வருடச் சந்தா கட்டலாமா, வேண்டாமா?” ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் வசித்துக்கொண்டு, 2019 முதல் விடாமல் சந்தா கட்டி வருகிறேன். ஒருவர் ஒளித்துவைத்து இடத்தை இணையத்தில் குறித்த பெட்டியை, ஜி.பி.எஸ். துணையோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து உள்ளிருக்கும் பதிவேட்டில் கையெழுத்திடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். இந்தப் பொழுதுபோக்கின்மேல் எனக்கு இருப்பது ஆழ்ந்த பற்று; இதன் தளத்தின்மேலும் செயலியின்மேலும் இருப்பது ஒரே ஒரு கோபம். அந்தக் கோபம் ஆண்டுதோறும் ஆனியில் தொடங்கித் தையில்தான் அடங்குகிறது.

பெட்டி என்றால் என்ன, பதிவேட்டில் எப்படிக் கையெழுத்திடுவது என்பதையெல்லாம் இங்கே இதற்குமேல் விளக்கப் போவதில்லை. 2000 மே 2 அன்று ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் மரங்களுக்கிடையே முதல் வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்தார். அந்தப் பிறப்பிடத்தின் சாயல் இன்றும் இதில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடலின் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு அளவுகள். இரண்டும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை, அரை அரையாக ஏறும். ஏற்றமும் பாறையும் அடர்காடும் இருந்தால் நிலத்தின் நட்சத்திரம் கூடும். எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு மேடும் இல்லை. ஆகவே டெல்டாவில் எந்த இடத்தைக் குறித்தாலும் ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு நட்சத்திரத்தில் முடிந்துவிடுகிறது.

வெளியிலிருந்து வந்த அளவைகளுக்கு இந்தச் சமவெளி பிடிபடாமல் போவது புதிதன்று. நில அளவைக்காக 1808இல் தஞ்சைக்கு வந்த வில்லியம் லாம்ப்டன், குன்றில்லாத ஊரில் கோயில் கோபுரங்களையே குன்றுகளாகக் கொள்ள வேண்டியிருந்தது; கோணங்களை அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட், பெரிய கோயிலின் விமானத்தின்மேல் ஏற்றப்படும்போதுதான் மோதிச் சேதமடைந்தது. எங்கள் நிலத்தின் கடினம் உயரத்தில் இல்லை. அது தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் வரும் நாளிலும் போகும் நாளிலும் இருக்கிறது.

சித்திரை மாதத்தில் குடமுருட்டியை எட்டு வயதுப் பிள்ளை செருப்பில்லாமல் மணலில் நடந்து கடக்கும். ஆடியில் அதே இடத்தில் இறங்கப் பெரியவர்களே தயங்குவார்கள். செயலியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றரை நட்சத்திரந்தான். அக்கரையிலுள்ள பெட்டிக்கு அது காட்டும் தொலைவும் ஆண்டு முழுவதும் நூற்றிருபது மீட்டர். வெயில்காலத்தில் அது சரி. தண்ணீர் வந்த பிறகு பாலத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதை அந்த அம்புக்குறி சொல்வதில்லை. ஆற்றுக்குள் இறங்கச் சொல்வதுபோல நேராக நிற்கிறது. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஆறும் பாலமும் வரையப்பட்டேயிருக்கின்றன. இடையில் நீரோட்டம் இருந்தால் பாலம் வழியான தொலைவையும் சேர்த்துக் காட்டுவது பெரிய வேலையன்று.

என் முதல் பெட்டியை நான் இழந்த கதையைச் சொன்னால்தான் இந்தக் கோபத்தின் அளவு விளங்கும். 2022 தொடக்கத்தில், படுகையில் நிற்கும் ஒரு மருத மரத்தின் வேர்களுக்கிடையே, கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் பதிவேடும் பென்சிலும் வைத்து வெளியிட்டேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. எனவே ஜூன் முதல் வாரத்தில் எடுத்துவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன். அந்த ஆண்டு அணை நிரம்பும் நிலையில் இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். மூன்று நாளில் கல்லணையும் திறந்தது. நான் அப்போது ஒரு திருமணத்திற்காக வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மருத மரத்தின் வேர் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. டப்பாவுக்குள் ஜெர்மனியிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த ஒரு பயண வில்லை இருந்தது. எண் பொறித்த உலோகத் துண்டோடு ஒரு சிறிய மர யானை. யாரோ ஒருவர் நம்பி அனுப்பிய பொருளை என் ஊரில், என் கவனக்குறைவால் தொலைத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. உரியவருக்கு எழுதினேன், வருந்த வேண்டாம் என்று பதில் வந்தது.

தவறு என்னுடையது, அதை நான் தளத்தின் தலையில் வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, தைக்குப் பிறகுதான் இறங்கிப் பார்க்க முடியும் என்று பக்கத்தில் எழுதி, பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தேன். சில வாரங்கள் கழித்து, தளத்துக்காகப் பெட்டிகளைக் கண்காணிக்கும் சரிபார்ப்பாளரிடமிருந்து நினைவூட்டல் வந்தது. மீண்டும் விளக்கினேன். அடுத்த நினைவூட்டலுக்குப் பின் பெட்டி நிரந்தரமாக மூடப்பட்டது. அந்தச் சரிபார்ப்பாளர் ஊதியமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர். கைவிடப்பட்ட பெட்டிகள் வரைபடத்தில் குப்பையாகச் சேரக்கூடாது என்ற விதி நியாயமானது. அதை அவர் ஒழுங்காக நிறைவேற்றினார். அவருடைய திரையில் என் பெட்டி ‘பழுது, கவனிக்கப்படவில்லை’ என்று மட்டுமே தெரிந்திருக்கும். குறை அந்தத் திரையில் இருக்கிறது. ஒரு பெட்டி நலமாக இருக்கலாம், அதற்குப் போகும் வழி சில மாதம் மூடியிருக்கலாம் என்ற மூன்றாவது நிலை அதில் இல்லை.

இதைச் சொன்னால், பருவகாலம் என்று ஒரு அடையாளக்குறி ஏற்கெனவே உண்டே என்பார்கள். உண்டு. பனியில் நடக்கும் அகலக் காலணி, பனிச்சறுக்குக் கட்டை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும், நீந்த வேண்டும் என்பதற்கும் உண்டு. ஆனால் ஒட்டிய குறி ஒட்டியபடியே இருக்கும். இன்றைக்கு நிலை என்ன என்று அது சொல்லாது. மாதத்தைக் குறித்துவைத்தாலும் போதாது என்பதை 2024 காட்டியது. அந்த ஆண்டு நீர் இருப்புக் குறைவால் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் பாசனத்துக்குத் திறந்தது. நானோ பழைய பாடத்தை நினைத்து ஜூன் முதல் வாரமே என் புதிய பெட்டியை நிறுத்திவைத்துவிட்டேன். ஜூலையில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், செயலியில் ‘நிறுத்தப்பட்டுள்ளது’ என்பதைப் பார்த்துவிட்டுத் திருவையாற்றோடு திரும்பிவிட்டார். அன்றைக்கு ஆறு வெறும் மணல். ஒரு ஆண்டு பத்தொன்பது நாள் முந்தியும், இன்னொரு ஆண்டு ஒன்றரை மாதம் பிந்தியும் வரும் தண்ணீரை எந்த நாட்காட்டியில் அடைப்பது?

அந்தத் தண்ணீரை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர். இந்த விளையாட்டில் அந்நியர் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது மரபு. டெல்டாவில் அது நடக்காத காரியம். ஆற்றங்கரையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் குனிந்தால், நாற்று பறிப்பவர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை வந்து என்ன தொலைந்தது என்று கேட்பார்கள், உடன் நின்று தேடித் தரவும் செய்வார்கள். 2023இல் நான் புதிய பெட்டியை வைக்கும்போது லஸ்கர் ஐயா அப்படித்தான் வந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிவேட்டைத் திறந்து, வெளியூர்ப் பெயர்களையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த ஜூனில் ஒரு நாள் அவரே அழைத்தார்: “தம்பி, நாளைக்கு ராத்திரி தண்ணி இங்க வந்துரும், டப்பாவ எடுத்து நம்ம கொட்டகையில வச்சிட்டேன்.” அன்று முதல் பெட்டியின் உண்மையான காவலர் அவர்தான். தை மாதத்தில் மணல் தெரிந்ததும் அதே வேரில் வைத்துவிட்டுச் சொல்லியனுப்புகிறார். ஆறு ஆண்டுகளில் இந்தப் பொழுதுபோக்கு எனக்குத் தந்தவற்றில் இதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் தளத்தில் அவருக்கு இடமில்லை. சரிபார்ப்பாளரை விட்டால், பெட்டியின் நிலையை மாற்றும் உரிமை பெட்டிக்கு உரியவருடைய கணக்குக்கு மட்டுமே. உள்ளூரில் ஒரு துணைக்காவலரைச் சேர்த்து, ‘தண்ணீர் வந்தது’, ‘தண்ணீர் வடிந்தது’ என்ற இரண்டே பொத்தான்களை அவரிடம் கொடுத்தால் போதும். அப்படி வைக்கப்படும் நாட்கள் பராமரிப்புக் குறையாகக் கணக்கிடப்படக்கூடாது. இதுதான் என் முதன்மையான கோரிக்கை. பனிக்குத் தனிக்குறி வகுக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமாக இருக்காது என்று உண்மையாகவே நம்புகிறேன்.

தூர்வாரும் பணியையும் இதோடு சேர்க்க வேண்டும். தண்ணீர் வருவதற்கு முந்தைய வாரங்களில் பொக்லைன் இறங்கி வாய்க்கால் மண்ணை அள்ளிக் கரைமேல் கொட்டும். மீட்டர்க் கணக்கில் துல்லியமாகக் குறித்த ஆயத்தொலைவு அப்படியே இருக்கும்; கரையின் உருவம் மாறியிருக்கும். வாய்க்கால் கரையில் பெட்டி வைப்பவர்கள் மண்ணை நம்பாமல், மரத்தையோ பழைய கல்லையோ நம்புவது நல்லது. மதகுச் சுவரிலும் ஷட்டரிலும் வைக்கவே கூடாது; அது பலருடைய வயலுக்குப் போகும் தண்ணீர்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டியின் துப்பு, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிவைக்கும் பழைய முறையில் மறைக்கப்படுகிறது. தமிழ் எழுத்துகளை அந்த முறை தொடுவதேயில்லை; ‘மருத மரத்தின் கிழக்கு வேர்’ என்று எழுதினால், மறைக்கப்பட வேண்டிய இடத்திலும் அப்படியே படிக்கக் கிடைக்கும். விரல் தொட்டால் மட்டும் திறக்கும் ஒரு திரையைத் துப்பின்மேல் எங்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் எந்த மொழிக்கும் குறை வராது. தஞ்சை, தாராசுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் பெட்டி வைப்பதை விட்டுவிட்டு, பெட்டியில்லாமல் பார்த்து விடையளிக்கும் வகைகளைக் கூட்ட வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வரைபடம் தெளிவானது, இணையமில்லாத இடத்துக்காக முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளும் வசதி நம்பகமானது, சந்தாதாரருக்கு மட்டுமான பெட்டிகளும் திறக்கின்றன. ஆறு ஆண்டில் ஒருமுறைகூடச் செயலி என்னை நடுவழியில் விட்டதில்லை. ஆயினும் ஐந்துக்கு நான் கொடுப்பது இரண்டுதான். இப்போது ஆடி, என் ஜன்னலுக்கு வெளியே ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது, என் பெட்டியின் பக்கத்தில் மீண்டும் ஒரு நினைவூட்டல் வந்திருக்கிறது. நண்பரிடம் இப்போது கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழக்கப்படி மேட்டூர் ஜனவரி 28இல் மூடிய பிறகு, மணல் தெரியத் தொடங்கும்போது கட்டட்டும். ஓராண்டுப் பணத்துக்கு ஒரு முழு வெயில்காலமாவது கையில் கிடைக்கும். என்னுடைய சந்தா ஆவணியில் முடிகிறது. அதை நான் புதுப்பிக்கத்தான் போகிறேன். டப்பா லஸ்கர் ஐயாவின் கொட்டகையில் இருக்கிறது. தையில் அதைத் திரும்ப வைப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.