திருகு டைமர்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

செல்பேசியிலேயே டைமர் இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 25 நிமிடம் வைக்கலாம் என்று செல்பேசியைக் கையில் எடுத்தால், அதைக் கீழே வைக்கவே எனக்கு 25 நிமிடம் ஆகிவிடுகிறது.

கையால் திருகி வைக்கும் சாதாரண சமையலறை டைமர் இது. பேட்டரி கிடையாது. திருகும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். அது மெல்லத் தளர்ந்து சுழியத்துக்கு வந்ததும் மணி அடிக்கும். ஒரே ஒரு சூட்சுமம்: குறைந்த நேரம் வைப்பதென்றால் முதலில் நன்றாகத் திருகிவிட்டு, அப்புறம் பின்னால் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் ஐந்து நிமிட ஓய்வுக்கு நேராக ஐந்தில் வைத்தேன். மணி அடிக்கவே இல்லை. அன்றைய ஓய்வு முக்கால் மணி நேரம்.

நான் வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்துபவன். நாள் முழுக்க மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன், ராத்திரி முதுகு வலிக்கும், ஆனால் திருத்திய பக்கங்களை எண்ணினால் வெட்கமாக இருக்கும். இந்த டைமரை 25 நிமிடத்துக்கு வைத்து, ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் தாளில் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். முதல் வாரத்தில் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை உட்கார்ந்ததற்குக் கிடைத்தவை ஐந்தே கோடுகள். இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம். மீதி கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் 'பிஸி'யாக இருந்திருக்கிறேன்.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற கணக்கு பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியருடையது. 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ டைமரை வைத்துப் படித்தார். இந்த முறைக்கு அவர் வைத்த 'பொமோடோரோ' என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் தக்காளி என்றுதான் பொருள். நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. நடுவில் வேலை தடைபட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது. இந்தக் கடைசி விதியை நான் கைவிட்டுவிட்டேன். கதவைத் தட்டுகிறவரிடம் போய் விதி பேச முடியுமா? ஆனால் வேலைக்கு நடுவே ஏதாவது நினைவுக்கு வந்தால் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும் என்று சிரில்லோ சொல்கிறாரே, அது பொன்னான யோசனை. 'மின் கட்டணம்', 'அவருக்குப் பதில் போட வேண்டும்' என்று எழுதிவிட்டால் மனசு நச்சரிப்பதை நிறுத்திவிடுகிறது. மாலையில் பார்த்தால் அவற்றில் பாதி அவசரமே இல்லை.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று. திருகுவதற்கு முன் ஒரு நொடி கை தானாக நிற்கிறது: இப்போது எதைச் செய்யப் போகிறேன்? 'நூலை முடிக்க வேண்டும்' என்பது அந்த நொடியில் பதிலாகாது. 'மூன்றாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்புகள்' என்றால்தான் திருக மனம் வருகிறது.

குறைகளும் உண்டு. டிக் டிக் சத்தம் வெறும் மேசையில் எதிரொலிக்கிறது. அடியில் மடித்த துணி போட்டிருக்கிறேன். பின்பக்கக் காந்தம் பெயருக்குத்தான், அலமாரியிலிருந்து இரண்டு முறை விழுந்துவிட்டது. நேரமும் துல்லியம் கிடையாது, ஒரு நிமிடம் முன்னே பின்னே போகும். வாக்கிய ஓட்டத்தில் ஆழ்ந்து படிக்கும்போது 25 நிமிடம் போதவில்லை, அப்போது 50 வைக்கிறேன்.

தனி அறை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். பக்கத்தில் யாராவது தூங்கும் இடமென்றால் வேண்டாம். திருகிய பிறகு மணியை அடக்க வழியே இல்லை. ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் திணித்துப் பார்த்தேன், அப்படியும் வீடே எழுந்துவிட்டது.